மணல் ஒழுங்கைக்குக் குட்டி உழவு மெசின்: சில்லுக்குச் சங்கிலி போடலாமா, முன்னுக்குப் பலகை பூட்டலாமா?

குடத்தனையான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் விசித்திரமானது, சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் பதிலையும் எழுதிவிட்டுப் போங்கோ.

என்னிடம் நாலு சில்லுக் குட்டி உழவு மெசின் ஒன்று இருக்கிறது. ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்தது, 15 குதிரை வலு, டீசல், பின் சில்லு மட்டும்தான் இழுக்கும், நிறை 600 கிலோ வரும் என்று வாங்கும்போது சொன்னார்கள். பின்னுக்குக் கலப்பை கொழுவுகிற மூன்று புள்ளிக் கை இருக்கிறது, முன்னுக்கு ஒன்றும் இல்லை. கச்சான் தோட்டத்துக்கும் தென்னங்காணிக்குமாக வாங்கினேன், அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பிரச்சினை வீட்டுக்கு வருகிற ஒழுங்கைதான். வளவு வடமராட்சியில், மணல் மேடு நிற்கிற மணற்காட்டுக்குக் கிட்ட. அந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சோழகக் காற்று எழும்பினால் இரண்டு கிழமைக்குள் ஒழுங்கையில் மணல் ஏறிவிடும், கேற்றடியில் முழங்கால் உயரம். மண்வெட்டியால் அள்ளினால் இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை, பிறகு காற்று வந்து அதே இடத்தில் கொண்டுவந்து கொட்டும். போன வருசம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த ஓட்டோ ஒழுங்கை வாசலிலேயே புதைந்துவிட்டது, நாங்கள் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அதோடு இதற்கு ஒரு வழி பார்ப்பது என்று முடிவெடுத்துவிட்டேன்.

பெரியப்பாவின் மகன் கனடாவில். அவர் தன்னுடைய கார்டன் ட்ரக்டருக்கு முன்னுக்கு ஒரு பலகை பூட்டி, பின் சில்லு இரண்டுக்கும் இரும்புச் சங்கிலி சுற்றி, வீட்டு வாசலில் கிடக்கிற ஸ்நோவை வழித்துத் தள்ளுகிற வீடியோ அனுப்பினார். பார்க்க ஆசையாக இருக்கிறது, வெண்ணெய் வழிக்கிறது மாதிரி வழித்துக்கொண்டு போகிறது. சங்கிலி இல்லாமல் மெசின் அரக்காது என்று சொல்லி, நான் கேட்காமலேயே போன பெட்டியில் ஒரு சோடிச் சங்கிலியும் வைத்து அனுப்பிவிட்டார். இப்போது விறாந்தையில் கிடக்கிறது.

ஸ்நோவுக்கு வேலை செய்வது மணலுக்கும் செய்யுமா? முன்னுக்குப் பலகை பூட்டினால் மெசின் தாங்குமா? வயல்காரர் போடுகிற இரும்புச் சில்லு இதற்குச் சரிவருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கோ. கடையில் கேட்டால் எல்லாம் சரிவரும் என்றுதான் சொல்லுவார்கள்.


உரும்பிராய் வெங்காயம் எழுதியது:

தம்பி, சங்கிலியைத் தொடாதேங்கோ. நான் தொட்டுப் பார்த்தவன்.

என்னுடையது மணல் இல்லை, செம்பாடு, சிவத்த மண். மாரிக்கு நல்லாக நனைந்த பிறகு எங்கள் செம்பாட்டுக்குள் இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டர் மெசின் இறங்கினால் ரயரில் மண் ஒட்டி ஒட்டி, கடைசியில் ரயரின் பல்லே தெரியாது, கொழுக்கட்டை மாதிரி உருண்டையாக நிற்கும். அப்போது எனக்கும் ஒரு மூளை வேலை செய்தது. கிணற்றடியில் பழைய சங்கிலி கிடந்தது, அதை ரயரில் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். முதல் பத்து அடி நல்லாகப் போனது, பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சங்கிலி இடைவெளிக்குள்ளும் மண் நிரம்பி, முன்னம் இருந்த கொழுக்கட்டை இன்னும் பெரிய கொழுக்கட்டை ஆனது. அதோடு விட்டிருக்கலாம். விடாமல் முறுக்கினேன், கம்பி அறுந்து சங்கிலி அச்சில் சுற்றிக்கொண்டு மெசின் ஒரு பக்கம் இழுத்து வாழைக்குள் போய் நின்றது. கழற்றி எடுக்கப் பின்னேரம் ஆகிவிட்டது, இரண்டு வாழையும் குலையோடு போனது.

இரும்புச் சில்லு சேற்றுக்கு உள்ளது. தென்மராட்சிப் பக்கம் வயலில் தண்ணி கட்டி உழுகிறார்களே, அங்கே அது ராசா. சேற்றுக்கு அடியில் கொஞ்சம் இறுக்கமான தரை இருக்கும், சில்லின் தட்டு அதைப் போய்ப் பிடிக்கும். உங்கள் மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது? இன்னும் மணல். அது கிணறு வெட்டுகிற வேலைதான் பார்க்கும். போதாததற்குத் தார் றோட்டில் ஏற்றவும் முடியாது, றோட்டைக் கிழித்துவிட்டு ஊராரிடம் பேச்சு வாங்க வேண்டும்.

பலகையைப் பற்றி எனக்குத் தெரியாது, நாங்கள் மரம் அடித்து மட்டப்படுத்துகிற ஆட்கள்.


ரொறன்ரோ நெல்லியடியான் எழுதியது:

கேள்வியைப் பார்த்ததும் உங்கள் அண்ணை நான்தானோ என்று ஒரு நிமிசம் யோசித்தேன், ஏனென்றால் நானும் ஊருக்கு அனுப்புகிற பெட்டிக்குள் இப்படிக் கண்டதையும் வைத்து வாங்கிக் கட்டினவன். நான் இருப்பது ரொறன்ரோவுக்கு வடக்கே ஊர்ப்புறம், றோட்டில் இருந்து கராஜ் வரைக்கும் 200 அடி. 12 வருசமாக இதே வேலைதான், ஸ்நோ கொட்டினால் விடிய எழும்பி வழித்தால்தான் வேலைக்குப் போகலாம். இங்கே இருக்கிற மெசினுக்கு ஏன் சங்கிலி போடுகிறோம் என்று சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

ஸ்நோவுக்கு அடியில் தார் இருக்கிறது, இல்லாவிட்டால் உறைந்து கல்லான தரை இருக்கிறது. ரயர் ஏறி அமத்துகிற ஸ்நோ இறுகி ஐஸ் ஆகும். அந்த வழுக்கலில் வெறும் றப்பர் நின்ற இடத்திலேயே சுற்றும். சங்கிலி போட்டால் மெசினின் நிறை முழுவதும் நாலைந்து இரும்பு வளையத்தில் இறங்கும், அந்த வளையம் ஐஸைக் கடிக்கும். கடிக்க ஒரு கெட்டியான பொருள் வேண்டும், அதுதான் விசயம். மணலில் கடிக்க என்ன இருக்கிறது? சங்கிலியின் ஒவ்வொரு குறுக்கும் ஒரு அகப்பை மாதிரி மணலை அள்ளிப் பின்னுக்கு எறியும், நாலு சுற்றுக்குள் மெசின் வயிறு நிலத்தில் முட்டும். மணலில் மிதக்க வேண்டும், தோண்டக்கூடாது. ஆகவே சங்கிலி போடுவதற்கு நேர்மாறாக ரயரில் காற்றைக் குறையுங்கோ, பாதம் அகலட்டும். கையால் அமத்திப் பார்த்து மட்டுக்கட்டாமல் காற்றுமானி வைத்து ரயர்க்காரன் சொல்லுகிற ஆகக் குறைந்த அளவு வரை இறக்குங்கோ, அதற்குக் கீழே போனால் றிம் உள்ளுக்குச் சுற்றி ரியூப்பின் வால்வைப் பிடுங்கிவிடும்.

இன்னொன்று, அண்ணை அனுப்பின சங்கிலி என்ன அளவு? இங்கே கார்டன் ட்ரக்டருக்குப் பின்னுக்குப் பெரும்பாலும் 23 க்கு 10.50, 12 அங்குல றிம் ரயர்தான் வரும், சங்கிலியும் அதற்கே செய்தது. உங்களுடைய உழவு ரயருக்கு அது பொருந்துவதே சந்தேகம். பொருந்தினாலும், பல் உயரமான உழவு ரயரில் ஏணி மாதிரியான சங்கிலி போட்டால் குறுக்குச் சங்கிலி பல்லுக்கு இடையில் விழுந்து ஒளித்துவிடும், போட்டதும் போடாததும் ஒன்று. புல்லுத்தரை ரயரில்தான் அது வேலை செய்யும். குறுக்குச் சங்கிலி பக்கச் சங்கிலியின் 2 வளையத்துக்கு ஒன்று வருகிற வகையும் இருக்கிறது, 4 வளையத்துக்கு ஒன்று வருகிற வகையும் இருக்கிறது. நான் முதலில் மலிவு என்று 4 வாங்கி, தாரில் ஓடும்போது மாட்டுவண்டில் மாதிரிக் குலுக்கிப் பல்லெல்லாம் ஆடிப்போய், அடுத்த வருசம் 2 வாங்கினேன்.

எப்படியும் சங்கிலி கையில் இருக்கிறது, எங்கேயாவது போடத்தான் போகிறீர்கள் என்றால், நிலத்தில் நீட்டிப் போட்டு முறுக்கு எடுங்கோ, கொக்கியின் வாய் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், உள்ளே பார்த்தால் ரயரின் கன்னத்தை அறுக்கும். காற்றைப் பாதி இறக்கிவிட்டுச் சங்கிலியை இறுக்கி, பிறகு காற்று அடித்தால் கையால் இறுக்க முடியாத அளவுக்கு இறுகும். பத்து நிமிசம் ஓடிவிட்டு இறங்கித் திரும்ப இறுக்க வேண்டும். மட்காட்டுக்கும் சங்கிலிக்கும் இடையில் ஒரு அங்குலமாவது இருக்கிறதா என்று பார்க்காமல் ஓடினால் தகரம் உரியும், என்னுடையது உரிந்தது.

பலகை வேறு கதை. அதில் படிக்க இருக்கிறது, ஆனால் முதலில் கணக்கைப் பாருங்கோ. புதிதாக விழுந்த ஸ்நோ ஒரு கன மீற்றர் 100 கிலோ அளவில்தான் வரும், அதைவிடக் குறையவும் வரும். காய்ந்த மணல் ஒரு கன மீற்றர் 1600 கிலோ. 4 அடி அகலம், ஒன்றரை அடி உயரப் பலகைக்கு முன்னால் குவிகிற குவியல் ஒரு கன மீற்றரில் ஆறில் ஒரு பங்கு வரும் என்று வையுங்கோ. ஸ்நோ என்றால் 16, 17 கிலோ, குழந்தைப்பிள்ளை மாதிரி. மணல் என்றால் 260 கிலோ. உங்கள் மெசினே 600 கிலோ, அதிலும் பின் சில்லில் இறங்குகிறது முக்கால்வாசிக்குக் குறைவு. முழுப் பலகை மணலை அது தள்ளாது, நின்று சுற்றும். வீடியோவில் வெண்ணெய் மாதிரி வழிக்கிறது உண்மைதான், ஏனென்றால் வழிக்கிற சாமான் வெண்ணெயைவிட இலேசு.


கச்சேரியடி எழுதியது:

இஞ்ச மார்கழிப் பனிக்கே தலையில் துவாய் கட்டிக்கொண்டு திரிகிற சனம், ஸ்நோ வழிக்கிற சங்கிலி விறாந்தையில் கிடக்காம். வல்லிபுரக்கோவில் கடல் தீர்த்தத்துக்குப் போய் மணலில் புதைகிற வாகனங்களை இழுக்க வாடகைக்கு விடுங்கோ, சங்கிலிக் காசு ஒரு நாளில் வந்துவிடும். பகிடி, கோபிக்கக்கூடாது.


குடத்தனையான் எழுதியது:

கச்சேரியடி, அதையும் யோசிக்காமல் இல்லை.

நெல்லியடி அண்ணை, நீங்கள் சொன்ன பிறகு சங்கிலியை எடுத்துப் பின் ரயரில் வைத்துப் பார்த்தேன், ஒரு முழம் காணாது. அண்ணை அளவே கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சரி, சங்கிலிக் கதை முடிந்தது.

பலகையை விட மனம் இல்லை. 260 கிலோ தள்ளாது என்றால் பாதி உயரத்துக்கு வழித்து இரண்டு மூன்று முறை ஓடினால் ஆகாதா? ஒழுங்கை நீளம் 60 அடிதான். அண்ணையின் பலகைக்குக் கீழே இரண்டு பக்கமும் காளான் கவிழ்த்த மாதிரி இரும்புக் கால் இரண்டு இருக்கிறது, பலகைக்குப் பின்னால் பெரிய ஸ்பிரிங்கும் இருக்கிறது, அதெல்லாம் எதற்கு?


ரொறன்ரோ நெல்லியடியான் எழுதியது:

பாதி பாதியாக வழிப்பது சரிவரும்.

அந்தக் காளான் கால், பலகை நிலத்தை முட்டாமல் அரை அங்குலம், ஒரு அங்குலம் தூக்கி வைக்க. கல்லுப் போட்ட வாசல் என்றால் அது இல்லாமல் ஸ்நோவோடு கல்லும் போய்ப் புல்லுக்குள் விழும், பிறகு கோடைக்குப் புல்லு வெட்டுகிற மெசின் அந்தக் கல்லை எடுத்து யன்னலுக்கு எறியும். உங்கள் மணலில் அது புதையும், பிரயோசனம் இல்லை.

ஸ்பிரிங் கட்டாயம் வேண்டும். பலகை ஏதாவது அசையாத சாமானில் முட்டினால் அடிவிளிம்பு பின்னுக்கு மடிந்து மேலே ஏறிப் போகும், பிறகு தானாக நிமிரும். ஒரு வருசம் என்னுடைய ஸ்பிரிங் ஒன்று உடைந்திருந்தது, எப்போதாவதுதானே முட்டும் என்று விட்டேன். தாரில் ஒரு வெடிப்பு, ஒரு பக்கம் அரை அங்குலம் உயர்ந்து நின்றிருக்கிறது, ஸ்நோவுக்குள் தெரியவில்லை. மெசின் நின்றது, நான் நிற்கவில்லை. நெஞ்சு ஸ்டியரிங்கில் அடித்து ஒரு கிழமை சிரிக்கவும் முடியாது, இருமவும் முடியாது. உங்கள் பக்கம் மணலுக்குள் தென்னங்குற்றி, பனை வேர், பழைய அத்திவாரக்கல் இல்லாமல் இருக்காது.

முன் பலகைதான் என்று நின்றால் ஒன்று மறக்க வேண்டாம், தள்ளுகிற பாரம் முன் அச்சில் விழக்கூடாது. இங்கே பலகையின் கை மெசினுக்குக் கீழால் ஓடி நடுச்சட்டத்தில், இல்லாவிட்டால் பின் அச்சடியில் பூட்டியிருக்கும். முன் அச்சில் பூட்டினால் ஒரு நாள் அச்சு முறியும். முன்னுக்குப் பாரம் ஏறுவதால் பின்னுக்கும் பாரம் வைக்க வேண்டும், நாங்கள் இரும்புக்கட்டி தூக்குவோம், சிலர் மணல் மூடை கட்டுவார்கள். மணலுக்கு உங்களுக்குப் பஞ்சம் இல்லை. ரயருக்குள் தண்ணி நிரப்புகிறவர்களும் உண்டு, இங்கே உறையும் என்பதால் உறையாத திரவம் ஊற்றுவோம், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.


நெல்லியடிப் பட்டறை எழுதியது:

இவ்வளவு பேர் எழுதின பிறகு நான் சொல்லுகிறது ஒன்றுதான், தம்பி உங்களுக்கு முன் பலகை தேவையில்லை. பின் பலகை போடுங்கோ.

பின்னுக்கு மூன்று புள்ளிக் கை இருக்கிறது, தூக்கிப் பதிக்க ஹைட்ரோலிக் இருக்கிறது, அதை விட்டுவிட்டு முன்னுக்குச் சட்டம் அடித்து, தூக்க ஒரு நெம்பு கட்டி, அதற்குப் பைப், அதற்குப் புஸ் என்று போனால் செலவு மூன்று மடங்கு. பின் பலகை இழுக்கும்போது பாரம் பின் சில்லில்தான் விழும், நீங்கள் தனியாக மூடை கட்டத் தேவையில்லை. முன் பலகையைச் சரித்து வைத்து மணலைத் தள்ளினால் மெசினின் மூக்கு மற்றப் பக்கம் போகும், முன் சில்லு மணலில் வழுக்கும், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் முறித்தாலும் அது தன் பாட்டில் வேலிக்குள் போகும். இரண்டு சில்லு இழுக்கிற மெசினில் இது நிச்சயம் நடக்கும்.

பலகைக்கு என்ன இரும்பு என்று கேட்பீர்கள். தார்ப் பீப்பாய்த் தகரத்தை வளைத்துச் செய்து தரச் சொல்லி இங்கே வருகிறார்கள், அது முதல் குற்றியிலேயே மடங்கும். ஒரு அடிக்குக் குறையாத விட்டமுள்ள பழைய இரும்புக் குழாய், 6 மில்லிமீற்றர் சுவர், 4 அடி நீளம் கிடைத்தால் நீளவாக்கில் மூன்றாக வெட்டினால் அந்த வளைவு தானாக வரும். மணல் அந்த வளைவில் ஏறிச் சுருண்டு விழும், தட்டைத் தகடு என்றால் முன்னால் மதில் மாதிரி நின்று பாரம் கூடும். முதுகுக்கு இரண்டு வரி கோண இரும்பு ஒட்ட வேண்டும்.

அடிவிளிம்புக்கு லொறியின் வில்லுத்தகடு போடலாம், தேயாது. ஆனால் அதைப் பலகையில் வைத்து ஒட்டாதேங்கோ. வில்லு இரும்பு ஒட்டினால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி மாதிரி வெடிக்கும், அன்றைக்கு நல்லாக இருக்கும், மூன்றாம் நாள் கையோடு வரும். போல்ட் போட்டுப் பூட்ட வேண்டும். துளை போடப் போனால் துளை ஆணிதான் தேயும், ஆகவே துளை வருகிற இடங்களைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க மெல்ல ஆற விட்டுப் பிறகு துளைக்க வேண்டும். தண்ணியில் தோய்த்தால் பழையபடி கல்லாகிவிடும். இதைச் சொல்லாமல் விட்ட ஒருவர் என் பட்டறையில் ஒரு பின்னேரத்தில் ஆறு துளை ஆணி முறித்தார், பேர் சொல்ல மாட்டேன், நான்தான், பழகுகிற காலம்.

மடிகிற பலகை பின்னுக்கு என்றால் அவ்வளவு அவசியம் இல்லை, முதல் கியரில் மெல்லப் போனால் முட்டினதும் மெசின் இழுபட்டு நிற்கும், கிளச்சை மிதித்துத் தூக்கலாம். ஆனால் முன்பக்கம் எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டு இருங்கோ. குற்றியில் பலகை சிக்கி நிற்க, விடாமல் முறுக்கினால் சின்ன மெசின் குதிரை மாதிரி இரண்டு காலில் நிற்கும். இது விளையாட்டு இல்லை.

மற்றது, மணலில் ஓடுகிற மெசினுக்கு, எஞ்சினுக்குள் போகிற காற்றை வடிக்கிற வடிதான் உயிர். எண்ணெய்க் கிண்ணம் வைத்த வடி என்றால் மணல் வழிக்கிற அன்று பின்னேரமே கழற்றிப் பாருங்கோ, அடியில் சேறு நிற்கும். அதை ஊற்றிவிட்டுப் புது எண்ணெய் விடுங்கோ. பலகையின் ஆணிகளுக்கு அள்ளிக் கிறீஸ் பூசாதேங்கோ, வெளியில் நிற்கிற கிறீஸில் மணல் ஒட்டி அரத்தாள் மாதிரி ஆணியைத் தின்னும். கடற்கரைக் காற்று வேறு, வேலை முடிந்ததும் கிணற்றுத் தண்ணியால் கழுவினால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு, உங்கள் பக்கத்துக் கிணறு உவர் என்றால் கழுவுகிறதும் ஒன்றுதான் விடுகிறதும் ஒன்றுதான், துடைத்துப் பழைய எண்ணெய் பூசுங்கோ.


நாகர்கோவில் பெடியன் எழுதியது:

எல்லாரும் மெசினைப் பற்றியே கதைக்கிறீர்கள். மணல் ஏன் ஒழுங்கைக்கு வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே.

அண்ணை, உங்கள் ஒழுங்கைக்குக் காற்று வருகிற பக்கம் என்ன வேலி? கிடுகு வேலி, இல்லாவிட்டால் தகரமா? நான் பந்தயம் கட்டுவேன், இரண்டில் ஒன்று. எங்கள் அம்மம்மா மணல் வருகிற பக்கம் கிடுகு கட்ட விடமாட்டா. மட்டை வேலிதான், அதுவும் மட்டைக்கு மட்டை இடைவெளி விட்டு, அதுவும் ஒழுங்கைக் கரையில் இல்லை, நல்லாகத் தள்ளி வெறுங்காணிக்குள். ஏன் ஆச்சி வெறுங்காணிக்கு வேலி, ஆடு எல்லாம் நுழைந்து போகுதே என்று கேட்டால் ஆட்டை மறிக்க இல்லையடா காற்றை மறிக்க என்பா. அடைப்பான வேலியில் காற்று முட்டி மேலே ஏறிப் போய் அங்காலப் பக்கம் சுழன்று விழும், மணலையும் அங்கேயே போடும், அது உங்கள் ஒழுங்கை. இடைவெளி உள்ள வேலிக்குள்ளால் காற்று நுழையும்போது களைத்துப்போகும், கொண்டுவந்த மணலை வேலிக்குப் பின்னால் பரவலாகப் போட்டுவிட்டுப் போகும். இரண்டு வருசத்தில் அந்த மட்டை வேலி பாதி புதைந்துவிடும், மேலே இன்னொரு வரி நாட்டுவோம்.

இன்னொன்று, வழிக்கிற மணலை ஒழுங்கைக் கரையிலேயே குவிக்காதேங்கோ, அடுத்த காற்றுக்குத் திரும்ப வரும், காற்றுப் போகிற பக்கம் கொண்டுபோய்ப் போடுங்கோ. காசு வருகுதே என்று லோட்டில் ஏற்றி விற்கவும் வெளிக்கிடாதேங்கோ, அதற்குப் புவிச்சரிதவியல் பணியகத்தின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் மெசினும் போகும் மணலும் போகும். மேட்டை வெட்டவும் வேண்டாம். 2004 இல் கடல் வந்தபோது எங்கள் பக்கம் மணல் மேடு நின்ற இடத்துக்கும் நிற்காத இடத்துக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.


ரொறன்ரோ நெல்லியடியான் எழுதியது:

பெடியனின் அம்மம்மா கனடாவில் பிறந்திருந்தால் றோட்டுத் திணைக்களத்தில் வேலை கொடுத்திருப்பார்கள். இங்கே பெருந்தெருக் கரை வயல்களில் மாரிக்கு முன்னம் வேலி அடிப்பார்கள், ஸ்நோ வேலி என்றுதான் பெயர். மரச்சட்டமும் இடைவெளியும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. றோட்டுக்குப் பக்கத்தில் அடிக்க மாட்டார்கள், வேலி 4 அடி உயரம் என்றால் அந்த உயரத்தின் 35 மடங்கு, 140 அடி வரைக்கும் தள்ளி அடிப்பார்கள், ஏனென்றால் வேலிக்குப் பின்னால் குவியல் அவ்வளவு தூரம் நீளும். கிட்ட அடித்தால் குவியலே றோட்டில் வந்து விழும். 12 வருசமாகப் பார்த்துக்கொண்டு போகிறேன், நம்முடைய மட்டை வேலி இது என்று இன்றைக்குத்தான் உறைக்கிறது.

வழித்ததை எங்கே போடுகிறது என்பதும் அதே கதைதான். இங்கே வீட்டு ஸ்நோவைத் தள்ளிக்கொண்டுபோய் பொது றோட்டில் விட்டால் குற்றம். முதல் ஸ்நோவையே எவ்வளவு தூரம் தள்ளலாமோ அவ்வளவு தூரம் தள்ளிவிட வேண்டும், கரையில் விட்டால் அது உறைந்து கல்லாகி, தை மாதம் ஆகும்போது வாசல் கார் போகாத அளவுக்கு ஒடுங்கிவிடும்.


குடத்தனையான் எழுதியது:

ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன், கேட்டுவிட்டுக் காணாமல் போகிற ஆள் என்று நினைக்க வேண்டாம்.

பெடியன், பந்தயத்தில் வென்றுவிட்டாய் தம்பி. தகரம். அப்பா காலத்துக் கிடுகு வேலியைக் கழற்றிவிட்டு நான்தான் நாலு வருசத்துக்கு முன்னம் தகரம் அடித்தேன், மணல் கூடினதும் அந்த வருசத்தில் இருந்துதான், இவ்வளவு நாளும் காற்றுக் கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு 140 அடி தள்ளக் காணி இல்லை, 70 அடியில் மட்டை நாட்டினேன், மூன்று அடி உயரம், ஒரு மட்டை ஒரு இடைவெளி. வேலிக்குப் பின்னால் இப்போது கணுக்கால் உயரத்துக்கு மணல் விழுந்து கிடக்கிறது, அலை மாதிரி. ஒழுங்கைக்கு வராமல் இல்லை, வருகிறது, ஆனால் முன்னம் இரண்டு கிழமையில் ஏறினது இப்போது ஒரு மாதம் எடுக்கிறது.

பின் பலகை அடித்தாயிற்று. குழாய் சுன்னாகத்தில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, விளிம்புக்கு வில்லுத்தகடு, போல்ட்தான், ஒட்டவில்லை. முதல் நாள் காலை ஒன்பது மணிக்குப் போய், ரயரில் காற்றும் குறைக்காமல், பலகையை முழுக்கப் பதித்து, இருபது அடியில் புதைந்தேன். தென்னோலை போட்டுத்தான் வெளியே எடுத்தோம். அடுத்த நாள் காற்றைக் குறைத்து, விடிய ஐந்தரைக்கு, மணலில் ஈரம் இருக்கும்போது இறங்கினேன். அந்த நேரம் மணல் கொஞ்சம் இறுக்கமாக நிற்கும், காலால் நடந்தாலே தெரியும். பலகையை நாலு விரல் மட்டும் பதித்து, முதல் கியரில், போய் வந்து போய் வந்து ஏழு முறை. ஆறரைக்கு ஒழுங்கையின் பழைய கல்லு தெரிந்தது. அம்மா கேற்றடியில் வந்து நின்று பார்த்துவிட்டு, இவ்வளவு நாளும் இது எங்கே கிடந்தது என்று கேட்டா, மெசினைக் கேட்டாவோ கல்லைக் கேட்டாவோ தெரியாது.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. ஓரத்து மணல் பலகைக்கு வெளியால் வழிந்து இரண்டு பக்கமும் வரம்பு மாதிரி நிற்கிறது. பலகையின் இரண்டு கரையிலும் கன்னத்தகடு ஒட்டினால் மணல் பெட்டிக்குள் நிற்கிற மாதிரி நிற்கும் என்று யோசிக்கிறேன், பாரம் கூடுமோ என்றும் பயம். பட்டறை அண்ணை ஒரு வார்த்தை சொல்லுங்கோ.

சங்கிலி ஒன்று கேற்றுக்குப் போட்டிருக்கிறேன், மற்றது மாட்டுக்கு. கனடா அண்ணையிடம் இன்னும் சொல்லவில்லை.


நெல்லியடிப் பட்டறை எழுதியது:

ஒட்டாதேங்கோ, கழற்றுகிற மாதிரிப் போல்ட்டில் போடுங்கோ, ஒரு சாண் நீளம் போதும். பாரம் கூடத்தான் செய்யும், ஆகவே கன்னம் பூட்டின அன்று நாலு விரல் இல்லை, இரண்டு விரல். வரம்பை எடுக்க வேறு வழி, கடைசி ஓட்டத்துக்குப் பலகையைச் சரித்து ஒரு பக்கமாக ஒதுக்குகிறது. அதற்குக் கொழுவியில் மூன்று துளை போட்டுத் தர வேண்டும், ஞாயிறு தவிர எந்த நாளும் கொண்டுவாங்கோ.


பெரியப்பா மகன் எழுதியது:

மாட்டுக்கோ? சரி, வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பலகையை வீடியோ எடுத்து அனுப்பு. அடுத்த பெட்டியில் ஸ்நோ வழிக்கிற சவள் இரண்டு வைக்கிறேன், கேற்றடிக்கு உதவும்.